எடை குறைய: உணவுக் கட்டுப்பாடா, உடற்பயிற்சியா?

எடை இறங்குவதை மட்டும் பார்த்தால் உணவுதான் முந்துகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். 330 மில்லி இனிப்புக் குளிர்பானம் ஒன்றைத் தவிர்த்தாலே கிட்டத்தட்ட அதே அளவு மிச்சம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி தேங்கியிருக்கிறது. நடந்தே அதைக் கரைப்பது எவ்வளவு நெடிய வேலை! போதாக்குறைக்கு, சிலருக்குப் பயிற்சி பசியையும் கிளப்பிவிடும்.

ஆனால் உணவைக் குறைத்து மட்டும் இளைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. இளைக்க இளைக்க உடலின் கலோரித் தேவையும் குறைவதால், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடை ஏறிவிடுகிறது. இங்கேதான் பயிற்சி தன் பலத்தைக் காட்டுகிறது. பளு தூக்குவது தசையைக் காக்கிறது; தினசரி நடை, இறங்கிய எடை மீண்டும் ஏறாமலிருக்க உதவுகிறது. எடை துளியும் இறங்காவிட்டாலும் ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் தூக்கமும் மேம்பட வாய்ப்புண்டு. எடைக்கருவி இதையெல்லாம் காட்டாது. அதை மட்டும் நம்பிப் பலர் பாதியில் கைவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது.

இரண்டையும் ஒன்றாகத் தொடங்க முடியாதவர்களுக்கு என் தேர்வு: முதலில் உணவு. பட்டினி வேண்டாம், வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். அது பழகியதும் நடையைச் சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.