தாய்லாந்து பாணி வீட்டு அலங்காரம்: மத்திய சமவெளி, லன்னா, புகெட் - எந்த வீட்டுக்கு எது?

கடைகளில் "தாய்லாந்து ஸ்டைல்" என்று விற்பது பெரும்பாலும் ஒரு கதம்பம். முக்கோணத் திண்டு, தங்கப் பூச்சில் ஒரு புத்தர் தலை, ஆகாயத்தாமரைத் தண்டில் பின்னிய கூடை, மூலையில் ஒரு மூங்கில் விளக்கு. தாய்லாந்திலோ ஊருக்கு ஊர் வீடு வேறு. மத்திய சமவெளியில், பாங்காக், அயுத்தயா பக்கத்து ஆற்றங்கரைத் தேக்கு வீடு ஒரு மாதிரி. வடக்கே, பழைய லன்னா அரசு இருந்த சியாங் மாய் பக்கத்து வீடு இன்னொரு மாதிரி. தெற்கே புகெட்டின் சீனக் கடைவீடு, அதாவது கடையும் வீடும் ஒன்றாக இருக்கும் கட்டடம், இரண்டிலும் சேராது. மூன்றையும் ஒரே அறையில் கொட்டினால் ஓட்டல் வரவேற்பறை போலத்தான் இருக்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்ய நிறத்தையும் சாமானையும் விட மூன்று விஷயங்கள் உதவும்: உட்காரும்போது கண் எந்த உயரத்தில் இருக்கிறது, காற்று எந்த வழியாகப் போகிறது, மழைக்காலத்தில் எது கெடுகிறது.

மத்திய சமவெளி: உயரத்தில்தான் எல்லாம்

இந்த வீடுகள் தரையில் உட்காருகிறவர்களுக்காகக் கட்டியவை. ஜன்னல் தாழ்வாக இருக்கும். அறைத் தரையிலிருந்து தாழ்வாரம் சுமார் 40 செ.மீ. இறங்கும், தாழ்வாரத்திலிருந்து திறந்த முற்ற மேடை இன்னொரு 40 செ.மீ. இறங்கும். அந்த இடைவெளியை மரச்சட்டங்களால் மட்டும் மறைத்திருப்பார்கள். வீட்டுக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவு இடம் உண்டு, அங்கிருந்து காற்று அந்தச் சட்டங்கள் வழியே மேலே ஏறும். படியின் விளிம்பே உட்காரும் இடம்.

இந்தப் பாணியை எடுப்பவர்கள் இதைத்தான் முதலில் கோட்டை விடுகிறார்கள். 75 செ.மீ. சாப்பாட்டு மேசையையும் உயரமான சோபாவையும் போட்டுவிட்டுச் சுவரில் செதுக்குப் பலகை மாட்டினால் அறை எந்தப் பாணியிலும் சேராது. அறையின் ஒரு முனையில் மேடை போடுவதுதான் சரியான வழி, கிட்டத்தட்ட நம் திண்ணை மாதிரி. 240 × 180 செ.மீ. போதும். 50 × 100 மி.மீ. சட்டங்களை நெட்டுக்குத்தாக, 40 செ.மீ. இடைவெளியில் வைத்து, மேலே 18 மி.மீ. பிளைவுட், அதற்கு மேல் பலகை. மேடையின் மொத்த உயரம் 40 செ.மீ. முழங்கால் மடக்க முடியாத பெரியவர்கள் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்காரலாம். முன்பக்கத்தை முழுசாக அடைக்காமல் 15 மி.மீ. இடைவெளி விட்ட சட்டங்களால் மூடுங்கள். அடைத்துவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்து ஒரே மழைக்காலத்தில் பிளைவுட் வாசனை எடுக்கும். மேடைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் வேண்டவே வேண்டாம். கூரை 2.6 மீட்டர் என்றால் மேடைமேல் 2.2 தான் மிச்சம். ஃபேன் தொங்கும் நீளத்தையும் கழித்தால் சட்டையைக் கழற்றக் கை தூக்குகிறவர் விரல் இறக்கையில் படும். சுவர் ஃபேன் போதும். கூரை 2.4 தான் என்றால் மேடையை 30 செ.மீ. ஆக்கி மேலே 10 செ.மீ. மெத்தை போடலாம்.

மேடைமேல் வைக்கும் மேசை 30 முதல் 35 செ.மீ. முக்கோணத் திண்டு வாங்கும்போது அதன் முனையைப் பாருங்கள். நல்ல திண்டு ஒரே பை அல்ல. 4, 3, 2, 1 என்று அடுக்கிய பத்து அறைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இலவம் பஞ்சு இறுக அடைத்திருக்கும். முழங்கையை ஊன்றினால் அமுங்கக் கூடாது. நுரை அடைத்தது சீக்கிரமே தொய்ந்துவிடும். இலவம் பஞ்சுத் திண்டைத் தண்ணீரில் போடாதீர்கள், கட்டி கட்டியாகிவிடும். வெயிலில் காயவைத்தால் போதும்.

பழைய கதவு, சுவர்ப் பலகை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வீடுகளின் சுவர் உள்நோக்கிச் சாய்ந்தது. கதவும் ஜன்னலும் அடியில் அகலம், உச்சியில் குறுகல். ஆசாரி "நேராக்குகிறேன்" என்று அடியைச் சீவினால் பலகைக் கட்டங்களின் அளவு கெட்டு, விலை கொடுத்து வாங்கியதே வீண். நிலையோடு சேர்த்து வாங்கி, இரு பக்கமும் ஆப்பு வடிவச் சட்டம் கொடுத்துச் சதுரத் திறப்பில் பொருத்துங்கள். பழைய கதவுகள் கீலில் அல்ல, மேலும் கீழும் மரக் குமிழில் சுழலும். கீழ்க் குழியில் தூசி சேர்ந்தால் கதவு கீறும் சத்தம் வரும். மெழுகு தடவினால் நிற்கும். வாசற்படி உயரமாக இருக்கும், அதை மிதிக்காமல் தாண்டுவது அங்கே வழக்கம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அந்தக் கட்டையை மட்டும் விட்டுவிடலாம்.

விதிகளை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பாங்காக்கில் ஜிம் தாம்சன் வீடு இருக்கிறது. பட்டு வியாபாரியான அந்த அமெரிக்கர் ஆறு பழைய தேக்கு வீடுகளைக் கொண்டுவந்து இணைத்து 1959இல் குடியேறினார். சில சுவர்களின் வெளிப்பக்கம் வீட்டுக்குள் தெரியும்படி திருப்பி வைத்தார். வெளியே இருக்க வேண்டிய படிக்கட்டை உள்ளே கொண்டுவந்தார். மரபுக்காரர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் வேலைப்பாடு உள்ள முகத்தை உள்ளே காட்டியது புத்திசாலித்தனம்தான்.

லன்னா: இருட்டும் கதகதப்பும்

வடக்கில் டிசம்பர், ஜனவரி இரவுகள் குளிரும். அதனால் ஜன்னல் சிறிது, மரம் அடர் நிறம், கூரை தாழ இறங்கும். சுவர்கள் மத்திய வீட்டுக்கு நேர் எதிராக, மேலே போகப் போக வெளிநோக்கிச் சாயும். கூரை முகட்டில் குறுக்காக நிற்கும் இரண்டு செதுக்குச் சட்டங்கள்தான் காலே, லன்னாவின் அடையாளம். ஏற்கனவே வெளிச்சம் குறைந்த ஃபிளாட்டில் கூடம் முழுவதையும் இப்படிச் செய்தால் பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும். படுக்கையறைக்கோ படிக்கும் அறைக்கோ மட்டும் எடுத்தால் அழகு.

இந்தப் பாணியில் இன்றைய வீட்டுக்கு உண்மையிலேயே பயன்படுவது நகரும் பலகைச் சுவர். இரண்டு அடுக்குச் செங்குத்துப் பலகைகள், ஒன்று நிலையானது, மற்றது நகரும். இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் காற்று, தள்ளிவைத்தால் மறைப்பு. பால்கனிக்கும் அறைக்கும் நடுவே திரைச்சீலைக்குப் பதில் இதைப் போடலாம். பலகை 12 செ.மீ., இடைவெளி 10 செ.மீ.; அப்போதுதான் மூடும்போது இரு ஓரமும் ஒரு செ.மீ. மேற்பொருந்தும். இரண்டையும் 12 ஆக வைத்தால் வெளிச்சம் கோடு கோடாக ஒழுகும். மழைக்காலத்தில் மரம் ஊதும் என்பதால் பள்ளத்தில் 3 முதல் 4 மி.மீ. தளர்ச்சி விடுங்கள். கீழ்ப் பள்ளத்தில் குப்பை அடைக்கும்; பலகை வரிசையை மேலிருந்து தொங்கவிடுவதே நல்லது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இது ஏசி அறைக்கு ஆகாது. ஏசி வேண்டுமென்றால் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவும் வேண்டும்.

சாமான்களில் சியாங் மாயின் அரக்குப் பாத்திரங்களைச் சொல்ல வேண்டும். மூங்கில் பின்னலின்மேல் மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசிச் செய்வது. அந்தப் பால் உலர்ந்து இறுக ஈரக்காற்று வேண்டும் என்பது விசித்திரமான உண்மை. ஏசி காற்று நேராகப் படும் அலமாரியில் வைத்தால் விரிசல் விடும். நுண்மையான பின்னலில் செய்த கிண்ணத்தின் விளிம்பை மெல்ல அழுத்தினால் நெளிந்து திரும்பும். பிசினை அச்சில் வார்த்துச் செய்த போலி நெளியாது.

படுக்கையறை வாசலுக்கு மேலே வைக்கும் செதுக்குப் பலகை, ஹாம் யோன், பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். அது அந்தக் குடும்பத்தின் காவல் சக்தி குடியிருக்கும் பலகை. வீடு கைமாறினால் புது உரிமையாளர் அதை அடித்து சக்தியைக் கலைக்கும் வழக்கமும் இருந்தது. அதைக் குளியலறைக்கு மேலே மாட்டி ரசிப்பது நாகரிகம் இல்லை. சியாங் மாய்க்குத் தெற்கே பான் தவாய் கிராமத்தில் புதிதாகச் செதுக்கித் தருவார்கள், அதுவே போதும்.

புகெட்: தரையும் வெளிச்சமும்

வெள்ளீய வியாபாரத்தில் பணம் பார்த்த, தென்சீனாவிலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்கள் கட்டியவை புகெட் பழைய நகரத்து வீடுகள். முகப்பு 4, 5 மீட்டர் அகலம்தான். உள்ளே 30 மீட்டரைத் தாண்டி நீளும். வெளிச்சமும் காற்றும் நடுவே இருக்கும் முற்றம் வழியாக. 1903இல் கட்டிய சின்பிராச்சா வீட்டில் இதை இன்றும் பார்க்கலாம்: நடுவில் மீன் தொட்டி, சுற்றிலும் அறைகள், காலடியில் வண்ணத் தரை ஓடு.

அந்த ஓடும் நம் ஆத்தங்குடிக் கல்லும் சுட்ட ஓடுகள் அல்ல, இரண்டும் சிமெண்ட்; செய்முறைதான் வேறு. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுவார்கள். புகெட் வகையை அச்சில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். 20 × 20 செ.மீ., மேல் வண்ணப் படலம் சில மி.மீ. மட்டும். பழுதாகும் இடங்கள் இரண்டு. முதலாவது, சீலர் (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூசாமல் இடுக்குக்கு அடர் நிறக் கலவை போட்டால் கறை உள்ளே இறங்கி வெளியேறாது. பதித்து நன்றாகக் காய்ந்தபின் ஒரு கோட் சீலர், பிறகு ஓட்டின் நிறத்துக்கு நெருங்கிய கலவை, பிறகு இரண்டாவது கோட். இரண்டாவது, ஆசிட். கட்டட வேலை முடிந்து ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இந்தத் தரையை ஒரே நாளில் மங்கவைத்துவிடும்.

முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் போட்டு அடைப்பதும் அதே அளவு தப்பு. சூடு மேலே ஏறி வெளியேற வழியில்லாமல் வீடே வேகும். மூட வேண்டுமானால் கூரை மட்டத்துக்கு 50 செ.மீ. மேலே தூக்கி, நான்கு பக்கமும் வலை மட்டும் விட்டு மூடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை உப்புப் பூத்து உரியும். சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

எதை எடுப்பது?

2.6 மீட்டர் கூரை உள்ள ஃபிளாட்டுக்கு மத்திய சமவெளிதான் என் தேர்வு. கண் கீழே இறங்கினால் கூரை உயர்ந்ததாகத் தோன்றும். செலவு ஒரு மேடையோடு முடியும். தனி வீடு, உயரமான கூரை, நடுவில் திறந்த இடம் இருந்தால் புகெட். அதை அரைகுறையாகச் செய்ய முடியாது, தரைக்கே பட்ஜெட்டில் பெரும் பங்கு போகும். லன்னா ஒரு அறைக்கு.

மரத்தில் ஏமாறாதீர்கள். தாய்லாந்து 1989இல் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டைத் தடை செய்தது. ஆகவே அகலமான "பழந்தேக்கு" என்றால் இடித்த வீட்டு மரமாக இருக்க வேண்டும். ஆணித் துளையும் பொருத்துக் குழியும் இல்லாத பழந்தேக்கை நம்பாதீர்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ரப்பர் மரம். உறுதிதான், ஆனால் மாவுச்சத்து அதிகம், மருந்து ஏற்றாத மரத்தை வண்டு அரிக்கும். மேசைக்கு அடியில் மாவு போலப் பொடி கொட்டுகிறதா என்று பாருங்கள்.

புத்தர் தலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தாய்லாந்து வீட்டில் புத்தர் உருவம் இருப்பது பூஜை அலமாரியில், உயரத்தில். தலையை மட்டும் துண்டித்து மேசை விளக்காக்குவது அங்கே அவமதிப்பு. புத்தர் சிலையை நாட்டைவிட்டு எடுத்துவர நுண்கலைத் துறை அனுமதியும் வேண்டும். அந்த இடத்தில் பச்சை மெருகு ஏற்றிச் சுட்ட செலடான் ஜாடி ஒன்று வையுங்கள்.