வினிகரும் சோடாவும்: ஷவரில் ஜெயித்தது, குழாயின் அடியில் தோற்றது

பேசினில் குழாய் வந்து உட்காரும் இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். குரோமும் பீங்கானும் சேரும் கோட்டில் ஒரு வெள்ளை வளையம் இருக்கும். முன்பக்கம் மெல்லிசாக, பின்பக்கம் சுவரை ஒட்டிய இடத்தில் தடித்து, லேசாகப் பழுப்பேறி. வினிகர், சமையல் சோடா, எலுமிச்சை, பாத்திரம் கழுவும் லிக்விட், இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு பாத்ரூமைப் பளிச்சென்று வைத்திருக்க முடியும் என்று நம்புகிறவர்களில் நானும் உண்டு. வருடக்கணக்காக அப்படித்தான் செய்துவருகிறேன். ஷவர், டைல்ஸ், ஃப்ளஷ் கைப்பிடி எதிலும் பெரிய குறை சொல்ல மாட்டேன். இந்த வளையம் மட்டும் என்னை விடுவதாக இல்லை.

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "நீ இன்னும் அந்த வினிகரைத்தான் ஊத்திட்டு இருக்கியா? நான் கடை லிக்விடை விட்டுட்டு அதுக்கு மாறலாமா, வேண்டாமா?" ஆமாம், இல்லை என்று சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. ஷவர் தலைக்கு வினிகரைப் போல ஒன்று கிடையாது. துளைகளில் பாதி அடைத்துக்கொண்டு, மீதித் துளைகளில் தண்ணீர் கோணல்மாணலாகச் சுவரில் பீறிடும் நிலைக்கு வந்த ஷவரைக் கழற்றி, அது மூழ்கும் அளவுக்கு வெள்ளை வினிகரில் போடுங்கள். கழற்ற முடியாததென்றால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் அதில் முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். அரை மணி கழித்து எடுத்து, ரப்பர் முனைகளை விரலால் நெருடி, பழைய டூத் பிரஷால் ஒரு தேய் தேய்த்துத் தண்ணீரைத் திறந்தால் எல்லாத் துளையும் நேராகக் கொட்டும். எத்தனை முறை செய்தாலும் அந்த முதல் தண்ணீரைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். குழாய் வாயில் திருகி வைத்திருக்கும் சின்ன வலைக்கும் இதே வைத்தியம். கழற்றும்போது வாஷர், வலை, மூடி எந்த வரிசையில் வந்தன என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், அடைத்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. நிலத்தடியில் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், வெளியில் வந்து சூடாகும்போதும் காயும்போதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கரைத்து வந்ததைக் கல்லாகத் திருப்பி வைத்துவிடுகிறது. லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இந்தக் கடினத்தன்மை இருந்தால் அதை மிகக் கடின நீர் என்பார்கள். 200 மில்லிகிராம் உள்ள நீரில் ஒரு தேக்கரண்டி தேங்கிக் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் கல் மிஞ்சும். ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் அது சேர்ந்துகொண்டே போகும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் அந்தக் கல்லை நீரில் கரையும் கால்சியம் அசிட்டேட்டாக மாற்றுகிறது. நாம் பார்க்கும் குமிழ், வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு. 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர் இருந்தால், கணக்குப்படி 40 கிராம் அளவுக்குச் சுண்ணாம்பைக் கரைக்கலாம். ஒரு ஷவருக்கு அது தாராளம்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் வினிகர் கல்லைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான். அமிலத்துக்கு நேரம் வேண்டும். ஷவரை முக்கலாம், வலையை முக்கலாம். பேசினில் இறுக்கி வைத்த குழாயின் அடியை எதில் முக்குவது?

அதற்குப் போகும் முன் சோடாவைப் பற்றி. வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி, அது பொங்குவதைக் காட்டி, "பாருங்கள், அழுக்கு எப்படிக் கிளம்புகிறது" என்று சொல்லித்தரும் வீடியோக்கள் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கின்றன. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு, சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீராக நிற்கும். ஒரு மேசைக்கரண்டி சோடா, ஏறக்குறைய 200 மில்லி வினிகரை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அந்தப் பொங்கல், செலவாகிப்போன வினிகர். ஷவரில் நுரைத்தது கல் கரைந்த நுரை, இது சோடா கரைந்த நுரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். முடி அடைத்த வடிகாலில் இதை ஊற்றினாலும் முடி கரையாது. முடியைக் கம்பி விட்டு வெளியே இழுக்க வேண்டியதுதான்.

தனியாகப் பயன்படுத்தினால் சோடா அருமையான பொருள், அதையும் சொல்லியாக வேண்டும். மென்மையான பொடி. கண்ணாடியையும் பீங்கானின் மெருகையும் கீறாத அளவுக்கு மென்மை, அழுக்கைச் சுரண்டும் அளவுக்குக் கரகரப்பு. பேசினுக்குள் படியும் சாம்பல் நிற ஏடு இருக்கிறதே, அது சோப்பும் கடின நீரின் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் பிசுக்கு. ஈரத் துணியில் சோடாவும் ஒரு சொட்டு பாத்திர லிக்விடும் எடுத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதற்கு வினிகர் தேவையே இல்லை. பளபளவென்று மெருகேற்றிய உலோகப் பூச்சில் மட்டும் சோடாவை அழுத்தித் தேய்க்காதீர்கள், குறிப்பாகத் தங்க நிறக் குழாய்களிலும் கறுப்புக் குழாய்களிலும்.

சரி, வளையத்துக்கு வருவோம்.

அது வெறும் சுண்ணாம்பு மட்டும் இல்லை. கையிலிருந்து வழியும் நீர் அந்த இடுக்கில் தேங்கிக் காய்கிறது, அதன்மேல் சோப்புப் பிசுக்கு படிகிறது, அதன்மேல் மறுபடி கல், மறுபடி பிசுக்கு. எண்ணெய்ப் பசை மேலே இருக்கும்போது வினிகர் ஊறாமல் வழிந்துவிடும். அதனால் முதலில் பாத்திர லிக்விட் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அமிலத்தைத் தொட வேண்டும். இந்த வரிசை ஒன்றே பாதி வேலையை முடிக்கிறது, ஆனால் பெரும்பாலான குறிப்புகளில் இது இருப்பதே இல்லை. அப்புறம் டிஷ்யூவையோ பஞ்சையோ கயிறுபோல முறுக்கி, வினிகரில் நனைத்து, குழாயின் அடியில் சுற்றி, காய்ந்துவிடாதபடி மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிறேன். அரை மணி நேரம். எடுத்துவிட்டுப் பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் நெம்பினால் முன்பக்கமும் பக்கவாட்டும் சுத்தமாகப் பெயர்ந்து வரும்.

பின்பக்கம் வராது. அங்கே விரல் நுழையாது, பிரஷ் திரும்பாது, முறுக்கிய பஞ்சும் சரியாக ஒட்டி நிற்காது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை நனைத்து, குழாயின் பின்னால் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பதுதான் எனக்குத் தெரிந்ததில் சிறந்த வழி. அதில்கூட மேல் அடுக்கு மட்டும்தான் போகும். ஒரு வாரம் விட்டால் பழையபடி. போதாக்குறைக்கு நீரில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அந்தப் பொருள், இருந்தால் அந்தப் பங்கை வினிகர் தொடவே தொடாது. இந்த இடத்தில் எனக்கு வினிகர்மேல் வருவதைவிட, கையும் பிரஷும் நுழையாத இடைவெளி விட்டுக் குழாயைச் சுவரோரம் பொருத்தும் வழக்கத்தின்மேல்தான் அதிகக் கோபம் வருகிறது. தினமும் ஈரமாகப்போகும் ஒரு பொருளைத் துடைக்க முடியாத இடத்தில் வைப்பது என்ன நியாயம்?

"ராத்திரி முழுக்க ஊற வையுங்கள், எல்லாம் போய்விடும்" என்று சொல்வார்கள். வேண்டாம். குழாயின்மேல் பளபளக்கும் குரோம் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே பித்தளை. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை வழியாக அமிலம் உள்ளே போனால் பூச்சு மங்கும், புள்ளி விழும், உரியும். அரை மணி, பிறகு நிறையத் தண்ணீர், பிறகு உலர்ந்த துணியால் துடைப்பு. பேசின் உட்கார்ந்திருக்கும் மேடை பளிங்குக் கல் என்றால் வினிகரும் எலுமிச்சையும் அந்தப் பக்கமே போகக் கூடாது. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கறையைக் கரைப்பது மேடையையும் கரைக்கும்.

வினிகர் வாசனை பிடிக்காதவர்களுக்கு சிட்ரிக் அமிலப் பொடியைச் சொல்வேன். 1784ல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கலந்தால் போதும், மூக்கைத் துளைக்காது. துருக்கறையிலும் வினிகரைவிட நன்றாக வேலை செய்கிறது. கொதிக்கக் கொதிக்க மட்டும் பயன்படுத்தக் கூடாது. சூட்டில் கால்சியம் சிட்ரேட் வெள்ளைப் பொடியாகப் படிந்து, ஒரு கறையை எடுத்து இன்னொரு கறை வைத்த கதையாகிவிடும். எலுமிச்சை மூடியைப் பிழிந்தபின் குழாயின் வாயில் செருகி வைப்பதும் நல்ல வழி. அந்த வளைவுக்கு என்றே செய்ததுபோல அது பொருந்தும்.

இப்போது கடை லிக்விட். நியாயமாகப் பேச வேண்டும். பாத்ரூமின் உப்புக்கறைக்கென்று விற்பவை பலவற்றிலும் இருப்பது ஏதோ ஒரு அமிலம்தான், சிலவற்றில் இதே சிட்ரிக் அமிலம். அதனால் "ரசாயனமே இல்லாத வீட்டு முறை" என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. வினிகரும் ரசாயனம்தான். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: கெட்டியாக இருக்கும். செங்குத்தான இடத்தில் வழியாமல் ஒட்டி நிற்கும். குழாயின் பின்பக்கத்துக்கு வேண்டியது அதுதான். வினிகர் தண்ணீராக ஓடிவிடுகிறது.

ஆகவே தோழிக்கு என் பதில்: ஷவருக்கும் வலைக்கும் வினிகர், பேசினுக்கு சோடா, துருவுக்கு சிட்ரிக் அமிலம், மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போடுகிறேன். ஆனால் நீ என்னிடம் கேட்டது "மாறலாமா" என்று. மாறாதே. உன் குழாயும் சுவரோரம்தான் இருக்கிறது, பின்பக்கத்தில் நூலை இழுத்துக்கொண்டு நிற்கும் பொறுமை எனக்கே தீர்ந்துவிட்டது. அந்தக் கெட்டி லிக்விடையே வைத்துக்கொள். குரோமுக்கு ஆகும் என்று லேபிளில் போட்டிருக்கிறதா, ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லைதானே என்று மட்டும் பார். இந்த வாரம் நானும் ஒன்று வாங்கப்போகிறேன்.

இரண்டையும் வீட்டில் வைத்திருக்கப்போகிறோம் என்பதால் கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டே கூடாது. ப்ளீச் இருக்கும் எந்த லிக்விடோடும் வினிகரோ எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து. ஒன்றைப் பயன்படுத்திய அன்று மற்றதைத் தொடாதீர்கள், வாளியும் பிரஷும் தனித்தனியாக இருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.