பீளமேடா, காமலாபுரமா, ஈரோடு ஜங்ஷனா?

கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கோவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அவிநாசி சாலையில் குடியிருப்பவர்கள். நான் ஈரோட்டுக்காரன். என் கணக்கு வேறு.

கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 405 கிலோமீட்டர். ரயில் பாதையோ ஏறத்தாழ 495. ஜெட் விமானம் முழு வேகத்தில் பறந்தால் 405 கிலோமீட்டருக்கு அரை மணி நேரமே அதிகம். ஆனால் அட்டவணையில் ஒரு மணி பத்து நிமிடம் போல இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, கீழிறங்குவது, சென்னை வானில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னை சுமார் 265 கிலோமீட்டர்தான். அங்கே வருவது ஜெட் அல்ல, வேகம் குறைந்த, விசிறி வைத்த ஏடிஆர் ரக விமானம் என்பதால் அதற்கும் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. தூரம் குறைந்ததன் லாபம் வேகத்தில் போய்விட்டது.

இனி வாசலிலிருந்து வாசலுக்கு. ஈரோட்டிலிருந்து பீளமேட்டுக்கு இரண்டு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒன்றரை, பறப்பது ஒன்றே கால், பெட்டியை எடுத்து வெளியே வர அரை, மெட்ரோவில் சென்ட்ரலுக்கு முக்கால். ஆக மொத்தம் ஆறு மணி நேரம். 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் ஈரோட்டிலிருந்து நாலரை மணி நேரத்தில் அதே சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. காமலாபுரம் வழி போனாலும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அதிலும் ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததுக்கு ஏறிக்கொள்ளலாம் என்ற தைரியம் அங்கே கிடையாது.

கோவைக்காரருக்குத் தீர்ப்பு தலைகீழ். ரயிலில் அவருக்கு ஐந்து மணி ஐம்பது நிமிடம். விமானம் என்றால் நாலே கால் மணி நேரத்தில் சென்ட்ரல். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வேறு உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டும் சமமாகும் இடம் திருப்பூர். பனியன் கம்பெனி நண்பர்கள் ஒவ்வொரு முறையும் இதையே விவாதித்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

சென்னையில் இறங்கி வெளிநாட்டு விமானம் பிடிப்பவருக்கு மட்டும் யோசனையே வேண்டாம். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பீளமேட்டில் போட்ட பெட்டியை அங்கேயே மறந்துவிடலாம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஒருமுறை அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காங்கேயத்திலிருந்து கொடுத்தனுப்பிய கொப்பரையைச் சோதனையில் எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்தது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பது விதி. முந்தைய நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தது. பருப்பின் பழுப்புத் தோலில் அவளுடைய கத்தி பட்ட கீறல்கூடத் தெரிந்தது.

இப்போதெல்லாம் ஏற்காடு எக்ஸ்பிரஸ்தான். ஈரோட்டிலேயே புறப்படுவதால் காலி வண்டியில் நிதானமாக ஏறலாம். விடிவதற்கு முன்பே சென்ட்ரல். கொப்பரைப் பை பெர்த்துக்கு அடியில் கிடக்கும்.