குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பதா, மூன்று மாதச் சராசரி போதுமா?

மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. என் வீட்டில் அந்த விகிதம் இன்னும் மோசம்: தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் உண்டு. ஆகவே நாற்பதைத் தாண்டியதும் சோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. எந்தச் சோதனை என்பதுதான் கேள்வி. ஒன்று, சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி. மற்றொன்று, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணிநேரம் கழித்து இரத்தம் கொடுக்கும் பழைய முறை. நான் பழையதைத் தேர்ந்தேன். கீழே எழுதியிருப்பதும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எச்சரிக்கையாகிவிடலாம்.

வசதியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஹெச்பிஏ1சிக்குப் பட்டினி வேண்டாம், எந்த நேரத்திலும் போகலாம், ஐந்து நிமிடத்தில் முடியும். முந்தின நாள் கல்யாண வீட்டில் ஏழு கறியோடு சாப்பிட்டிருந்தாலும் அது அசையாது. குளுக்கோஸ் சோதனைக்கு இரவெல்லாம் பட்டினி கிடந்து, குமட்டும் இனிப்பைக் குடித்து, காலைப் பொழுதைத் தொலைக்க வேண்டும். இந்தச் சுற்றில் போட்டியே கிடையாது.

முழுமையான நீரிழிவு வந்துவிட்டதா என்று அறிவதற்கும் இரண்டும் ஏற்கப்பட்டவையே. ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒப்புக்கொண்டது. குளுக்கோஸ் சோதனையில் அந்தக் கோடு இரண்டாம் மணிநேரத்தில் லிட்டருக்கு 11.1 மில்லிமோல்.

என் சிக்கல் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஹெச்பிஏ1சி 6.0 என்று வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.5, அதாவது குறை சொல்ல முடியாத எண். மருத்துவர் முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு, நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றும், சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைத் தொடங்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னார். அதில் தவறொன்றும் இல்லை. 5.7 முதல் 6.4 வரையுள்ள இடைவெளிக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்தப் பெயரைத்தான் கொடுக்கிறது. ஆனால் அதே 2011 அறிக்கையில் உலக சுகாதார நிறுவனம், 6.5க்குக் கீழுள்ள அளவுகளை எப்படிப் பொருள்கொள்வது என்று பரிந்துரை சொல்லப் போதிய சான்று இல்லை என்று நிறுத்திக்கொண்டது. பெரிய அமைப்புகள் இரண்டு ஒரே எண்ணைப் பார்த்து இரண்டு விதமாகப் பேசும்போது, அந்த எண்ணை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் வரும் மாத்திரையின் சான்றைப் புரட்டிப் பார்ப்பதே நல்லது என்று எனக்குப் பட்டது. முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

நமக்கு நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வந்தது. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 531 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தற்செயலாக நான்கு பிரிவாகப் பிரித்தார்கள்: வழக்கமான ஆலோசனை மட்டும், நடையும் உணவும், மெட்ஃபார்மின், இரண்டும் சேர்த்து. மூன்று ஆண்டில் முதல் பிரிவில் 55.0 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவும் கடைப்பிடித்தவர்களில் 39.3, மாத்திரைப் பிரிவில் 40.5, இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5.

இதை ‘அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது’ என்று தலைப்பிட்டால் ஒரு மாதிரித் தெரியும். நூறு பேரை வரிசையில் நிறுத்திப் பார்த்தால் வேறு மாதிரி. நடந்தாலும் 39 பேருக்கு வருகிறது. நடக்காவிட்டாலும் 45 பேருக்கு அந்த மூன்று ஆண்டுக்குள் வருவதில்லை. நடையால் தப்பியவர்கள் நடுவில் இருக்கும் 16 பேர். ஆறேழு பேர் முயன்றால் ஒருவருக்குப் பலன். என் கண்ணில் இது மிக நல்ல கணக்கு. மாத்திரையும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தது. இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் தென்படவில்லை.

2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதைவிடப் பெரியது, 3,234 பேர். அங்கே உணவும் உடற்பயிற்சியும் அபாயத்தை 58 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 31 சதவீதம். மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்படுவது பெரும்பாலும் அந்த 58தான். ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி உடல்நிறைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 34. சென்னையில் சுமார் 26. என் குறியீடு சென்னைக்காரர்களோடுதான் ஒத்துப்போகிறது. அளவு பெரியது என்பதற்காக அமெரிக்க ஆய்வை மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த ஆய்வுகளுக்குள் நுழைந்தவர்கள் யார்? சென்னையில், அமெரிக்காவில், அதற்கு முன்பு ஃபின்லாந்தில், சீனாவின் டாச்சிங் நகரில், எல்லா இடத்திலும் குளுக்கோஸ் குடித்து இரண்டாம் மணிநேரத்தில் 7.8 முதல் 11.0 வரை காட்டியவர்கள். சென்னையில் ஒருமுறை காட்டியது போதாது, மறுமுறையும் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஹெச்பிஏ1சியில் 6.0 என்ற சீட்டோடு வந்தவரை இந்த ஆய்வுகள் அதற்காக உள்ளே விடவில்லை. பிற்பாடு வந்த சில ஆய்வுகள் அந்த அளவையும் சேர்த்துக்கொண்டன என்றாலும், தடுப்புச் சிகிச்சையின் அடித்தளம் குளுக்கோஸ் சோதனைமேல்தான் எழுப்பப்பட்டது. இரண்டு சோதனைகளும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. ஒன்றில் மாட்டுபவர் மற்றொன்றில் சுத்தமாகத் தப்பிவிடலாம். அப்படியிருக்க, ஒரு வாசல் வழியாக வந்தவர்களுக்கு நிரூபித்த மருந்தை இன்னொரு வாசல் வழியாக வந்தவருக்கு அப்படியே கொடுக்கும்போது, சான்றின் ஒரு பகுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. மாத்திரை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்றால், ஆய்வுக்காரர்கள் என்னை உள்ளே விட்டிருப்பார்களா என்று முதலில் தெரிய வேண்டும்.

நம் தீவு இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன இடம் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 1987இல் சுகாதார அமைச்சகமும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் பங்கேற்றவர்களை 1992இல் மறுபடி சோதித்தார்கள். இடையில் நீரிழிவு வந்தவர்கள் நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், வெறும் வயிற்று அளவு (6.1 முதல் 6.9 வரை) முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது 26 பேரை மட்டும். இரண்டாம் மணிநேர அளவு காட்டிக்கொடுத்தது 50 பேரை. இரண்டையும் சேர்த்தால் 61. இதற்கு விலையும் உண்டு. எச்சரிக்கப்பட்ட நூறு பேரில் அந்த ஐந்தாண்டில் உண்மையில் நோய் வந்தது வெறும் வயிற்றுக்கு 29, இரண்டாம் மணிநேரத்துக்கு 24. வலையை அகலமாக வீசினால் வீண் பயமும் கொஞ்சம் அகலமாகும். இந்த ஒப்பீட்டில் ஹெச்பிஏ1சி போட்டியாளராகவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது வெறும் வயிற்று அளவை வீழ்த்துகிறதே ஒழிய, மூன்று மாதச் சராசரியை நேராக வீழ்த்தவில்லை.

(அதே 1987-1992 கணக்கெடுப்புகளில்தான் ரேஷன் சமையல் எண்ணெய் பாமாயிலிலிருந்து பெரும்பாலும் சோயா எண்ணெயாக மாறியபின் மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு (கொலஸ்டிரால்) 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆக இறங்கியதும் தெரியவந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒப்பிட எண்ணெய் மாறாத இன்னொரு தீவு இல்லை. முன்னும் பின்னும் அளப்பதை, தற்செயலாகப் பிரித்து நடத்திய சென்னை ஆய்வோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.)

2016இல் சென்னையிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு, வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியவர்களையும் சேர்த்தது. மொத்தத்தில் அபாயம் 32 சதவீதம் குறைந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டாம் மணிநேர அளவு மட்டும் கூடியவர்களுக்கு 31, வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியவர்களுக்கு 12. என் வாதத்துக்கு இது தேன்போல இனிக்கிறது. அதனாலேயே சந்தேகப்பட வேண்டும்: பிரிவுகள் சிறியவை, அந்த வித்தியாசம் புள்ளியியல்படி தேறவில்லை. சான்றுப் பட்டியலில் இதை அடிக்குறிப்பாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஹெச்பிஏ1சிக்கு எதிராக இன்னொன்றும் உண்டு. அது சிவப்பணுக்களை நம்பி நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவு அதைப் பொய்யாக ஏற்றலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நிலைகள் இறக்கிவிடலாம். தலசீமியா போன்ற பரம்பரை மாற்றங்களும் குழப்பும். என் மனைவிக்கு நெடுநாளாக இரத்தசோகை. அவர் முடிவுத் தாளில் வந்த 5.9ஐ அப்படியே நம்பிப் பயப்படவோ நிம்மதியடையவோ முடியவில்லை.

குளுக்கோஸ் சோதனையும் உத்தமம் அல்ல. அதே ஆளுக்கு அடுத்த வாரம் செய்தால் எண் மாறும், சில நேரம் பிரிவே மாறும். எனக்கு இரண்டாம் மணிநேரத்தில் 9.1 வந்தது. மறுமுறை 8.4. இரண்டும் அதே கட்டத்துக்குள் விழுந்ததால் சென்னை ஆய்வின் வாசலில் எனக்கு இடம் உண்டு என்று தெரிந்தது. நடையைத் தேர்ந்தேன். மாத்திரையை நான் விழுங்கியதே இல்லை, அதனால் அதன் தொல்லைகளைப் பற்றி அனுபவமாகச் சொல்ல எதுவுமில்லை. கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

அம்மாவுக்கு வரும்போது என் தேர்வு தலைகீழ். அவருக்கு நீரிழிவு வந்து வெகுகாலம். இனிக் குளுக்கோஸ் குடிக்கச் சொல்வது வதை. நோய் வந்தபின் சிகிச்சையைச் சோதித்த பெரிய ஆய்வுகள், 1998இல் முடிவு வெளியிட்ட பிரிட்டன் ஆய்வு உட்பட, ஹெச்பிஏ1சியை வைத்தே அளந்தன. அங்கே 7.9இல் இருந்த பிரிவோடு ஒப்பிட்டால், 7.0இல் வைத்திருந்த பிரிவினருக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றில் வரும் நுண்குழாய்ச் சேதம் 25 சதவீதம் குறைவாக இருந்தது. ஆகவே அவருடைய சோதனை அதுதான்.

குளுக்கோஸ் சோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு முந்தைய மூன்று நாளும் சோறு, ரொட்டி எல்லாம் வழக்கம்போல் சாப்பிட்டிருக்க வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறும். தைப்பூசக் காவடிக்காக ஒருவேளை உணவோடு விரதம் இருக்கும் நாட்களில் போகாதீர்கள். கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அந்த இரண்டு மணிநேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். வெளியே போய் நடந்துவிட்டோ புகைபிடித்துவிட்டோ வந்தால் முடிவு கெடும்.