நகலெடுத்தது எங்கே இருக்கிறது? போனில் காப்பி பேஸ்ட் செய்யும் வழிகள், ஓர் ஒப்பீடு

பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்யும்போது மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பாயிலேயே நெய்து தருவார்கள். அந்த ஆர்டர்களை வாட்ஸ்அப்பில் வாங்கி நெய்கிற வீடுகளுக்கு அனுப்புவதும், முடிந்த பாயைப் பார்சல் போடுவதும் என் வேலை. பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே பார்க்கிறேன். நாள் முழுக்கக் கையில் போன்தான். அதில் பாதி நேரம் ஓர் இடத்தில் இருப்பதை நகலெடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவதிலேயே போகிறது.

டைப் அடித்தால் என்ன என்று கேட்கலாம். எங்கள் பக்கம் முத்துலெட்சுமி என்று எழுதுகிற வீடுகள் நிறைய. கீபோர்டு முத்துலட்சுமி என்றுதான் எடுத்துக் கொடுக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் கொம்பு போய்விடும். தாளில் என்றால் அடித்துத் திருத்தலாம், கோரையில் நெய்த பெயரை என்ன செய்வது? அதனால் பெயர் என்று வந்தால், வீட்டுக்காரர்கள் அனுப்பிய எழுத்தை அப்படியே நகலெடுப்பது என்று வைத்திருக்கிறேன்.

போன வைகாசியில் அந்த வழக்கமே காலை வாரிவிட்டது. ஒரே நாளில் இரண்டு கல்யாண ஆர்டர். இரண்டாவது வீட்டுப் பெண்ணின் பெயரை அழுத்திப் பிடித்து நகலெடுத்தேன். எடுத்ததாக நினைத்தேன். விரல் கொஞ்சம் விலகிப்போய் ‘நகலெடு’ பதியவே இல்லை. ஒட்டியபோது விழுந்தது காலையில் எடுத்த முதல் வீட்டுப் பெண்ணின் பெயர். சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். மறுநாள் நெய்கிற அக்கா கூப்பிட்டார்கள். “தம்பி, நேத்து காலைல அனுப்புன பேரையே இதுலயும் போட்டிருக்கியே, ரெண்டு கல்யாணத்துக்கும் ஒரே பொண்ணு பேரா?” நல்ல வேளை, கரை மட்டும்தான் நெய்திருந்தார்கள், பெயரைத் தொடங்கவில்லை. அவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருந்திருந்தால், ஒரு வீட்டு மாப்பிள்ளையும் இன்னொரு வீட்டுப் பெண்ணும் ஒரே பாயில் வந்திருப்பார்கள். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்குப் பிறகு இருக்கிற வழிகளை எல்லாம் மாறி மாறிப் பார்த்தேன். வேகம், வசதி எல்லாம் எனக்கு அப்புறம்தான். நகலெடுத்தது எங்கே இருக்கிறது, ஒட்டும்வரை அது அங்கேயே இருக்குமா? இதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் எடைபோட்டேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த வழி. சொல்லை அழுத்திப் பிடித்தால் நிறம் மாறும், இரண்டு பக்கமும் துளி மாதிரி இரண்டு பிடி வரும், இழுத்து அளவு வைத்து ‘நகலெடு’. போக வேண்டிய இடத்தில் மறுபடி அழுத்திப் பிடித்து ‘ஒட்டு’. வேகத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் இதற்கு இருப்பது ஒரே ஓர் இடம். புதியது வந்தால் பழையது போய்விடும். புதியது பதியாவிட்டால் பழையது சத்தமில்லாமல் அங்கேயே இருக்கும். எனக்கு நடந்தது அதுதான். வெட்டுவது, நகலெடுப்பது, ஒட்டுவது என்ற இந்த முறையை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். நம் ஊரில் நகலுக்குப் பெயரே ஜெராக்ஸ்தான். கடையில் ஜெராக்ஸ் எடுத்தால் தாள் கையில் இருக்கும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். போனில் எடுத்த நகல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு 13 வந்தபின், நகலெடுத்ததும் திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் அது தெரிகிறது. அப்போது என்னிடம் இருந்தது அதற்கு முந்தைய போன்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு சங்கடம். செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்தால் பெயர் மட்டும் வராது, முழுச் செய்தியும் வரும். நாலைந்து செய்திகளைச் சேர்த்து எடுத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பாய்க்கு வேண்டிய பெயர் எது, அனுப்பிய சித்தப்பா பெயர் எது என்று நெய்கிறவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்குமா? நான் டைப் அடிக்கும் பெட்டியிலேயே முதலில் ஒட்டி, வேண்டாததை அழித்துவிட்டு, மிச்சத்தை மறுபடி நகலெடுத்து அனுப்புகிறேன்.

இப்போது நான் முழுக்க நம்பியிருப்பது கீபோர்டில் உள்ள கிளிப்போர்டு. நான் வைத்திருப்பது ஜிபோர்டு, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் வாங்கும்போதே இருப்பது. கீபோர்டின் மேல் வரிசையில் அட்டையில் தாள் செருகியது போல ஒரு படம் இருக்கும். இல்லாவிட்டால் அதே வரிசையில் உள்ள நான்கு கட்டப் படத்தைத் தொட்டால் உள்ளே கிடைக்கும். முதல் தடவை மட்டும் அதை ஆன் செய்ய வேண்டும். அதன் பிறகு நகலெடுக்கும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டமாக அங்கே வந்து நிற்கும். புதியது பழையதை அழிக்காது. எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அது ஒட்டிக்கொள்ளும்.

காலையில் ஆர்டர்களைத் திறந்ததும், எல்லாப் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுத்துக்கொண்டே போகிறேன். பிறகு கிளிப்போர்டைத் திறந்தால் ஆறு பெயர் எடுத்ததற்கு ஆறு கட்டம் இருக்க வேண்டும். ஐந்துதான் இருக்கிறது என்றால் ஒன்று பதியவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். வைகாசியில் நடந்த தவறு இதில் நடக்கவே வழியில்லை. ஒட்டுவதற்கு முன் பெயரைக் கண்ணால் பார்த்துத்தான் தொடுகிறோம்.

ஆனால் சும்மா விட்டால் அந்தக் கட்டங்கள் ஒரு மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும். தெரியாமல், காலையில் எடுத்த முகவரியைச் சாப்பிட்டுவிட்டு வந்து தேடி அலைந்திருக்கிறேன். கட்டத்தை அழுத்திப் பிடித்து ‘பின்’ செய்துவிட்டால் நாமாக எடுக்கும்வரை நிற்கும். அதனால் கல்யாணப் பெயர் என்றால் உடனே பின், பார்சல் போய்ச் சேர்ந்த பிறகுதான் எடுப்பேன். எங்கள் வீட்டு முகவரி 627002 பின்கோடோடு ஒரு பின். வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் ஒரு பின். பாயைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள் என்ற குறிப்பு ஒரு பின். ஐஎஃப்எஸ்சியைக் கையால் அடித்து அனுப்புவதில் ஒரு கண்ணி இருக்கிறது. 11 எழுத்தில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், அதை ஆங்கில ஓ எழுத்தாக அடித்துவிட்டால் பணம் வராது. ஒரு முறை சரியாகப் பார்த்துப் பின் செய்துவிட்டால் அந்தக் கவலை விட்டது.

பராமரிப்புதான் இதில் கவனிக்க வேண்டியது. பின்களை எடுக்காமல் சேர்த்துக்கொண்டே போனால் மூன்று இசக்கியம்மாள், இரண்டு முத்துலெட்சுமி என்று நிற்கும். எது எந்த வீடு என்று தெரியாது. பழைய ஆபத்தே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். நான் பெயரை மட்டும் பின் செய்வதில்லை. பெண், மாப்பிள்ளை, ஊர், கல்யாணத் தேதி நான்கையும் ஒரே கட்டமாகப் போடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, முடிந்ததை எல்லாம் அழிக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை.

கடவுச்சொல், ஓடிபி இரண்டையும் தயவுசெய்து பின் செய்யாதீர்கள். போனை வாங்கிப் பார்க்கிற பிள்ளைகள்கூடக் கீபோர்டைத் திறந்தால் பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு 10 முதல், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் கிளிப்போர்டைப் படிக்க முடியாது. ஆனால் கீபோர்டு படிக்கும், அதற்குத்தானே அது இருக்கிறது. ஆகவே பூப்பூவாக டிசைன் போட்டது, விளம்பரத்தில் வந்தது என்று பெயர் தெரியாத கீபோர்டைப் போட வேண்டாம்.

போன் மாற்றியபோது என் பின் எதுவும் புதிய போனுக்குக் கூட வரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக, மாதக்கணக்கில் வேண்டியதை வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பி வைக்கிறேன். 2022 கடைசியில் வந்த வசதி இது, தொடர்புப் பட்டியலில் நம் பெயரையே தொட்டால் போதும். பேக்கப் இருந்தால் போனோடு போகாது, தேடினாலும் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து எடுக்கும்போது மறுபடி அந்த ஒற்றை இடத்து நகல்தான். பத்திரப்படுத்த இது நல்லது, அன்றாடம் எடுத்து ஒட்ட கிளிப்போர்டே மேல்.

சிலர் பெயரை எழுதாமல் பத்திரிகையைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதற்குக் கூகுள் லென்ஸ். படத்தில் உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம். முகவரிக்கு நன்றாகவே உதவுகிறது. கல்யாணப் பத்திரிகையின் வளைந்து நெளிந்த எழுத்தில் மட்டும் நான் நம்புவதில்லை. ‘ர’வும் காலும் அதற்கு மாறிப்போகிறது. பெயரை ஒருமுறை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். ஆனால் ஓர் இடத்தில் லென்ஸ்தான் கைகொடுக்கிறது. சில தமிழ் பிடிஎஃப்களில் நேரே நகலெடுத்தால் திருநெல்வேலி என்பது “திருெநல்ேவலி” என்று கொம்பு முன்னால் வந்து விழும். அப்போது அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லென்ஸில் போட்டால், நேரே எடுத்ததைவிடச் சுத்தமாக வருகிறது.

வாட்ஸ்அப் பிசினஸில் ‘விரைவு பதில்’ என்று ஒன்று உண்டு. சாய்கோடு போட்டு ஒரு சொல் அடித்தால் சேமித்த செய்தி முழுவதும் வரும், 50 வரை வைக்கலாம். மூன்று வாரமாகத்தான் பார்க்கிறேன். விலைப் பட்டியல் போல மாறாத விஷயத்துக்குப் பின்னைவிட இது தேவலை என்று படுகிறது, சீசன் ஒன்று ஓடினால்தான் உறுதியாகச் சொல்வேன். மாறிக்கொண்டே இருக்கும் பெயர்களுக்கு ஆகாது.

ஐபோன் என் தங்கை வந்தால்தான் என் கைக்கு வரும், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வந்த முதல் ஐபோனில் காப்பி பேஸ்ட்டே கிடையாது, 2009 ஜூனில்தான் வந்தது. இப்போது மூன்று விரலைக் குவித்தால் நகல், விரித்தால் ஒட்டு, பழகினால் அழகாக இருக்கிறது. ஆனால் தங்கை போனில் பழைய நகல்களை வரிசையாகக் காட்டும் இடம் இல்லை. என் வேலைக்கு அதுதான் முதலில் வேண்டும்.

இன்று என் கிளிப்போர்டில் ஏழு பின் இருக்கிறது. மூன்று எப்போதும் இருப்பவை, நான்கு ஆவணிக் கல்யாணங்கள். கீழே இருப்பது வள்ளியூர் வீட்டு ஆர்டர். அக்கா நேற்று ராத்திரி கூப்பிட்டு, “பேரு தொடங்கப் போறேன் தம்பி, ‘லெ’ தானே, கொம்பு உண்டுல்லா?” என்று கேட்டார்கள். பின்னைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினேன். கொம்பு உண்டு.