‘பிள்ளை எஸ்’ எத்தனை பேர்? டாக்டரின் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட மூன்று இலவசச் சேவைகள்

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று என்று தெரிந்து யாராவது ஒரு டாக்டர் பெயரைச் சொன்னால், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிள்ளைகள் முதலில் எடுப்பது ஃபோனைத்தான். 150 கட்டுரை என்று வந்துவிட்டால் அவரிடமே காட்டலாம் என்று முடிவாகிவிடும். அந்த 150-உம் அவருடையதுதானா? மருத்துவக் கட்டுரைகளின் பட்டியலான பப்மெட், எல்லாத் துறைக் கட்டுரைகளையும் தேடும் கூகிள் ஸ்காலர், ஆய்வாளருக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் மூன்றுக்கும் காசு வேண்டாம். மூன்றில் பப்மெட்டைத்தான் நம்பலாம், ஆனால் அதற்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும்.

நமக்கு முதல் தொல்லை பெயர். 1860-இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை நட்டாலுக்குக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலின் காலம் முதல் குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை எழுதிவைத்ததன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். ஒரே படையாச்சிக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கிறது. பிள்ளை, நாயுடு, மூட்லி, கவண்டர் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களுக்குள் ஊரே அடங்கிவிடுகிறது. பப்மெட்டில் குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, முதலெழுத்து, ஒட்டினாற்போலச் சதுர அடைப்புக்குள் ஏ.யூ. என்ற ஆசிரியர் குறி, எல்லாம் ஆங்கில எழுத்தில் போட்டால், ‘பிள்ளை எஸ்’ என்ற பெயரில் எழுதிய எல்லாரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். முழுப் பெயரைப் போட்டுப் பிரிக்கலாம், ஆனால் அது 2002 முதல் வந்த கட்டுரைகளுக்குத்தான் பலிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண் டாக்டர்களுக்கு இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

‘டர்பன்’ என்பதை ஏ.டி. என்ற முகவரிக் குறியோடு சேர்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும். கொஞ்சம் அதிகமாகவே சுருங்கிவிடும். 2014-க்கு முன்பு பப்மெட் முதல் ஆசிரியரின் முகவரியை மட்டுமே ஏற்றியது. ஆகவே அவர் இரண்டாவது, மூன்றாவது பெயராக இருந்த பழைய கட்டுரைகள் விழுந்துவிடும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் என்ற பெயரே 2004 இணைப்புக்குப் பிறகு வந்தது. அதற்கு முந்தியவற்றுக்கு ‘நட்டால் பல்கலைக்கழகம்’ என்றும் ஒரு தடவை தேடுங்கள்.

அடுத்த குழி பி.சி.ஜி. சிறுநீர்ப்பைக்குள் மருந்தாகச் செலுத்தும் பி.சி.ஜி.யும், இங்கே பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பாகப் போடும் பி.சி.ஜி.யும் ஒரே கிருமிதான். 1976-இல் அல்வாரோ மொராலஸ் 9 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து சிறுநீரகவியலில் தடுப்பாற்றல் சிகிச்சையின் கதை வளர்ந்தது. டர்பனிலோ காசநோய் ஆய்வு மலைபோல் இருக்கிறது. வெறும் பி.சி.ஜி. என்று தேடினால் தடுப்பூசிக் கட்டுரைகளே வந்து குவியும். ‘யூரினரி பிளாடர் நியோபிளாசம்ஸ்’ என்ற மெஷ் சொல்லை, அதாவது பப்மெட் கட்டுரைகளுக்கு இடும் பொருள் தலைப்பை, சேர்த்தால்தான் வேண்டியது கிடைக்கும்.

கூகிள் ஸ்காலர் பார்க்க அழகு. பெயரைத் தட்டினால் எச்-இண்டெக்ஸ் (எத்தனை கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோளாயின என்பதை வைத்துப் போடும் எண்), மேற்கோள் எண்ணிக்கை, பக்கத்தில் ஒரு சின்ன வரைபடம். ஆனால் மாநாட்டுச் சுருக்கங்களும் இதில் கலந்துவிடும். பப்மெட்டில் அவை பெரும்பாலும் ஏறுவதில்லை. ஒரே ஆய்வு சுருக்கமாக ஒரு முறை, முழுக் கட்டுரையாக ஒரு முறை என்று எண்ணிக்கை ஊதும். தன்னையே மேற்கோள் காட்டியதையும் கழிப்பதில்லை. அவர் பெயரிலுள்ள பக்கத்தைத் தொடங்கிவைப்பவர் டாக்டரேதான்; தானாகக் கட்டுரை சேரும்படி விட்டுவிட்டு மறந்தால், வேறொரு பிள்ளையின் இதய ஆய்வும் அவர் கணக்கில் வந்து உட்காரும்.

மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்கு அட்டிசோலிசுமாப் என்ற தடுப்பாற்றல் மருந்து நல்ல உதாரணம். பிளாட்டினம் மருந்துக்குப் பிறகும் பரவிய சிறுநீர்ப்பைப் புற்றில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 310 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் லான்செட்டில் வந்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு அனுமதியும் கிடைத்தது. பின்பு 931 பேரைச் சேர்த்து கீமோவுடன் ஒப்பிட்ட மூன்றாம் கட்ட ஆய்வில், முதன்மை இலக்காக வைத்த ஆயுள் நீட்டிப்பு நிரூபணமாகவில்லை. 2021-இல் நிறுவனமே அந்தப் பயன்பாட்டை அங்கே திரும்பப் பெற்றது. முதல் கட்டுரையின் மேற்கோள்கள் மட்டும் குறையவில்லை, குறையவும் செய்யாது. பப்மெட்டில் இடப்பக்கம் ‘ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்’ வடிகட்டியைத் தட்டி, எஞ்சி நிற்பது எத்தனை என்று பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் தலைப்புக்கு மேலேயே அறிவிப்பும் இருக்கும்.

ஆர்கிட் 16 இலக்க எண், 2012-இல் தொடங்கியது. பெயர்க் குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை, டாக்டர் நிரப்பியிருந்தால். பல பக்கங்கள் காலியாகவே கிடக்கின்றன. எண் கிடைத்தால் பப்மெட்டில் ஏ.யூ.ஐ.டி. குறியோடு போட்டுப் பார்க்கலாம்.

கடைசியில், பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். முதலில் இருப்பவர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசியில் இருப்பவர் ஆய்வை வழிநடத்தியவர். பல நாடுகளில் நடக்கும் மருந்து நிறுவன ஆய்வில் நடுவில் வரும் பெயர், நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்த மருத்துவமனையின் டாக்டருடையதாக இருக்கலாம். அது குறையில்லை, புது மருந்தை நேரடியாகக் கொடுத்துப் பார்த்தவர் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கத்தி பிடிக்கும் கை எப்படி என்பது இந்த மூன்றிலும் இல்லை. சிறுநீரகவியல் நிபுணராகப் பதிவானவரா என்பதை, தென்னாப்பிரிக்காவில் டாக்டர்களைப் பதிவு செய்யும் மன்றமான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.யின் இணையப் பதிவேட்டில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் காசு இல்லை.