இனே கிராமத்துக்குத் தனி வேன் பதிவு செய்யும் முன்: ஓர் எச்சரிக்கை

ஜப்பானின் க்யோட்டோ நகருக்கு வடக்கே, தாங்கோ தீபகற்பத்தின் கடலோரத்தில் இருக்கும் இனே கிராமத்துக்குச் செல்லத் திட்டமிடுவோர், இணையத்தில் விளம்பரமாகும் தனி வேன் பயணங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குடும்பம் அத்தகைய பயணம் ஒன்றுக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி ஏமாற்றப்பட்டது.

உரிமம் பெற்ற வாகனம், இனே விரிகுடாவில் படகுச் சவாரி, ஒரு ஃபுனாயாவின் உட்புறத்தைக் காணும் வாய்ப்பு ஆகியவை எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும் என்று விளம்பரம் சொன்னது. ஃபுனாயா என்பது கீழ்த்தளத்தில் படகை நிறுத்திக்கொள்ளும் வகையில் நீர் விளிம்பிலேயே கட்டப்பட்ட மரவீடு. விரிகுடாவைச் சுற்றி இத்தகைய வீடுகள் ஏறத்தாழ 230 இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் எல்லோரும் அவ்வளவு தொலைவு போகிறார்கள்.

க்யோட்டோ ரயில் நிலையத்தின் ஹாசிஜோ வாசலுக்கு வந்த வேனின் எண்பலகை வெள்ளையாக இருந்தது. ஜப்பானில் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றும் வாகனங்களுக்குப் பொதுவாகப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துகள் இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த வாகனங்களுக்கு உரியது. அதை வைத்து வாடகைக்கு ஓட்டுவது சட்டவிரோதம் என்பதோடு, விபத்து நேர்ந்தால் பயணிகளுக்குக் காப்பீடு கிடைக்குமா என்பதும் கேள்விக்குறிதான். ஓட்டுநரிடம் கேட்டதற்கு, எல்லா வண்டிகளும் இப்படித்தான் என்றார். விரைவுச்சாலையில் ஏறியதும் சுங்கக் கட்டணத்தைத் தனியாக ரொக்கமாகத் தர வேண்டும் என்றார். வழியிலுள்ள அமானோஹாஷிதாதே என்னும் சுற்றுலாத் தலத்தில் ஒரு நினைவுப்பொருள் கடை வாசலில் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இனேயை அடைந்தபோது படகுக்கு நேரமில்லை என்று கைவிரித்துவிட்டார்.

எனக்கு மிகுந்த வேதனை தந்தது அதன் பிறகு நடந்ததுதான். ஃபுனாயாவின் உட்புறத்தைக் காட்டுவதாகக் கூறி, இரண்டு வீடுகளுக்கு இடையிலான குறுகிய சந்து வழியே எங்களை அழைத்துச் சென்றார். வலைகள் உலர்ந்துகொண்டிருந்த இடத்தில் நாங்கள் நின்றபோது, உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்த ஒரு மூதாட்டி, இரு கைகளையும் குறுக்கே வைத்துக் கூடாது என்று காட்டினார். அது ஒரு குடும்பத்தின் வீடு; யாருடைய அனுமதியும் பெறாமல் நாங்கள் அங்கே நுழைந்திருந்தோம். நாங்கள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஓட்டுநர் வேனுக்கே போய்விட்டிருந்தார். 2005-இல் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தாலும், இனே மக்கள் வாழ்ந்து மீன்பிடித்துவரும் ஊர்; அங்கே காட்சிக்கூடத்தில் நுழைவதைப் போல நுழைய எவருக்கும் உரிமையில்லை.

இத்தனைக்கும், இனேக்குச் செல்லப் பொதுப் போக்குவரத்தே போதும். க்யோட்டோவிலிருந்து ஹாஷிதாதே விரைவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அமானோஹாஷிதாதே. அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரம். படகுச் சவாரிக்கு ஹிதே நிறுத்தத்தில் இறங்க வேண்டும். விரிகுடாவைச் சுற்றிவர அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான, நாடு முழுவதற்குமான ஜேஆர் ரயில் பாஸ் வழியிலுள்ள ஃபுகுசியாமா நிலையம் வரைதான் செல்லும். அதற்கு அப்பால் க்யோட்டோ தாங்கோ ரயில்வேயின் தடம் என்பதால் தனிக் கட்டணம் உண்டு. க்யோட்டோவை உள்ளடக்கிய கன்சாய் வட்டாரத்துக்கான கன்சாய் வைட் ஏரியா பாஸ் அத்தடத்திலும் செல்லும். மாலையில் பேருந்துகள் சீக்கிரமே நின்றுவிடுவதால், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் உட்புறத்தைக் காண விரும்புவோர், ஊரின் சுற்றுலாச் சங்கத்தில் விசாரித்தோ, விடுதியாக நடத்தப்படும் ஃபுனாயாவில் தங்கியோ பார்க்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். வானிலை காரணமாகப் படகு ஓடவில்லை என்று பதில் வந்தது. அன்று படகு ஓடியதை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம், படமும் எடுத்திருக்கிறோம். அந்தப் படத்தையும், விளம்பரத்தின் நகலையும், எண்பலகையின் படத்தையும் இணைத்துக் கடனட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டிருக்கிறோம். இதே போன்ற பயணத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள், வாகனத்தின் எண்பலகை நிறத்தையும், சுங்கமும் படகும் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், ரத்து செய்வதற்கான கெடு முடியுமுன்பே விலகிக்கொள்ளுங்கள்.